பழைய வெள்ளி நாணயங்களைச் சுத்தம் செய்வதும், முன்பு மெருகேற்றியதற்கான தடயங்களைக் கண்டறிவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றியே அமைகின்றன. நாணயத்தின் மேல் தெரியும் பொருள் வெளியிலிருந்து வந்து ஒட்டியதா, அல்லது நாணயத்தின் உலோகமே மாறி உருவானதா என்பதே அது. ஒட்டியதை எடுத்தால் நாணயம் அப்படியே இருக்கும். உலோகம் மாறி உருவானதை எடுத்தால் நாணயத்தில் ஒரு பகுதியும் சேர்ந்தே போகும்.

வெள்ளி நாணயம் ஏன் கறுக்கிறது?

காற்றிலுள்ள ஆக்சிஜன் சாதாரண வெப்பநிலையில் வெள்ளியைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. கறுப்பதற்குக் காரணம் கந்தகம். காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, கார்பனைல் சல்பைடு போன்ற வாயுக்கள் வெள்ளியுடன் வினைபுரிந்து வெள்ளி சல்பைடு என்னும் படலத்தை உண்டாக்குகின்றன. ஈரப்பதம் மிகுந்தால் இந்த வினை விரைவுபடுகிறது. படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது, அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் நிறங்கள் தோன்றுகின்றன. முதலில் இளமஞ்சள், பிறகு பொன்பழுப்பு, அடுத்துச் செவ்வூதா, அதன்பின் நீலம் என்று படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறி, இறுதியில் சாம்பல் கலந்த கறுப்பில் போய் நிற்கிறது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இயற்கையான நிறத்தையும் செயற்கையாக ஏற்றிய நிறத்தையும் பிரித்தறியும்போது இது மீண்டும் உதவும்.

அப்படியானால் கருமையை நீக்கிவிட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். வெள்ளி சல்பைடில் உள்ள வெள்ளி அந்த நாணயத்திலிருந்தே எடுக்கப்பட்டது. படலத்தைக் கரைத்தாலும் தேய்த்தாலும் அந்த வெள்ளி திரும்பக் கிடைக்காது. மேலும், சீராகப் படிந்த படலம் அடியிலுள்ள உலோகத்தை ஓரளவு காக்கிறது. டோனிங் எனப்படும் இந்த நிறப்படலம் அழகாக அமைந்த நாணயங்களைச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குவதும் உண்டு. இதற்கு விதிவிலக்குகளாக எனக்குத் தோன்றுபவை மூன்று: ஒட்டும் பச்சைப் பிசுக்கு, மண்ணில் கிடந்த நாணயத்தில் தொடர்ந்து அரிக்கும் உப்புகள், எழுத்தையே படிக்க முடியாதபடி மூடியிருக்கும் புதையல் படிவு. கறுப்பு கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்பது இந்தப் பட்டியலில் சேராது.

சற்றுத் துடைத்தால்கூடச் சேகரிப்பாளர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

உருவத்தைப் பதிக்கும் உலோக அச்சு நாணயத்தகட்டின் மீது பெரும் அழுத்தத்தோடு இறங்கும்போது, உலோகம் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிச் சிறிதளவு பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் அச்சின் முகத்தைத் தேய்த்து நுண்ணிய ஆரக்கோடுகளை உண்டாக்குகிறது. அச்சிலிருந்து அவை அடுத்தடுத்த நாணயங்களின் பரப்பில் பதிகின்றன. ஒவ்வொரு கோடும் ஒளியைத் தன் திசையில் திருப்புவதால், புதிய நாணயத்தை ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்துச் சுழற்றும்போது, வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல ஒளிப்பட்டைகள் பரப்பைச் சுற்றி வருகின்றன. இதைத்தான் மின்ட் லஸ்டர் என்கிறோம். கோடுகள் மிக நுண்ணியவை என்பதால் மென்மையான துணியும் தூசித்துகளும் சேர்ந்தாலே அவற்றைச் சேதப்படுத்திவிடும். மோஸ் அளவுகோலில் வெள்ளியின் கடினம் 2.5 முதல் 3 வரைதான். சாதாரணத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணலின் கடினம் 7. அழிந்த கோடுகளை எந்த முறையாலும் மீண்டும் உண்டாக்க முடியாது. மெருகேற்றிய பரப்பு பளபளக்கும். ஆனால் அந்தப் பளபளப்பு சுழலாது, ஓரிடத்திலேயே கண்ணாடிபோல் நிற்கும்.

பாதுகாப்பான முறை என்று ஏதேனும் உண்டா?

உண்டு, ஆனால் அது ஒட்டியிருப்பதை மட்டுமே நீக்கும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தால் உப்பும் மண்ணும் இளகும். தூய அசிட்டோனில் ஊறவைத்தால் எண்ணெய், பசை, டேப்பின் எச்சம், பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிந்த பச்சைப் பிசுக்கு ஆகியவை கரையும். இரண்டுமே வெள்ளியோடு வினைபுரிவதில்லை. எனவே இவை சல்பைடு கருமையைத் தொடா. அசிட்டோனில் போட்டும் கறுப்பு போகவில்லை என்றால், அது வேலை செய்யவில்லை என்று பொருளல்ல, அங்கே கரைய வேண்டிய பொருள் இல்லை என்றே பொருள்.

செய்முறையில் சில விஷயங்களில் கண்டிப்பு தேவை. நகச்சாயம் நீக்கும் திரவத்தில் மணமூட்டிகளும் எண்ணெய்களும் கலந்திருப்பதால் அதை அசிட்டோனுக்கு மாற்றாகப் பயன்படுத்தக் கூடாது. பாத்திரம் கண்ணாடியாக இருக்க வேண்டும். பல பிளாஸ்டிக்குகள் அசிட்டோனில் கரைந்து நாணயத்தின் மேலேயே படியும். நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடித்து இறக்கி, தேய்க்காமல் ஊறவிட்டு, பிறகு வேறொரு பாத்திரத்தில் உள்ள புதிய அசிட்டோனில் அலசி எடுக்க வேண்டும். பழைய திரவத்திலிருந்தே எடுத்து உலர விட்டால், கரைந்த அழுக்கு மெல்லிய படலமாக மீண்டும் உட்கார்ந்துவிடும். நீரில் ஊறவைத்த நாணயத்தை இறுதியாக அசிட்டோனில் அலசினால் நீர்த்துளித் தடம் இல்லாமல் உலரும். அசிட்டோன் மிக எளிதில் தீப்பற்றும். அதன் தீப்பற்று நிலை சுமார் −20 டிகிரி செல்சியஸ் என்பதால் எந்த அறையிலும் அதன் ஆவி தீப்பிடிக்கும் நிலையில்தான் இருக்கிறது. சன்னல் திறந்திருக்க வேண்டும்; அடுப்போ மெழுகுவர்த்தியோ மின்பொறி எழுப்பும் கருவியோ அருகில் இருக்கக் கூடாது.

கடையில் கிடைக்கும் டிப் திரவத்தில் ஒரு நொடி முக்கி எடுத்தால் என்ன?

வெள்ளிக்கான டிப் திரவங்கள் பலவற்றில் தயோயூரியாவும் அமிலமும் இருக்கும். அவை வெள்ளி சல்பைடைக் கரைக்கின்றன. படலத்தோடு சேர்ந்து லஸ்டர் கோடுகளின் நுனியும் சிறிது போகிறது. மெல்லிய படலமுள்ள, புழக்கத்துக்கு வராத நாணயத்தை ஒரே ஒருமுறை விரைவாக முக்கி, உடனே நிறைய நீரில் அலசினால் இழப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கலாம். தேர்ந்தவர்களும் இதைச் செய்கிறார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. சிக்கல் அடுத்த முறையில் தொடங்குகிறது. ஒவ்வொரு முக்கலிலும் கோடுகள் மழுங்கி, ஒருகட்டத்தில் நாணயம் உயிரற்ற சுண்ணாம்பு வெண்மையோடு நிற்கும். சரியாக அலசாவிட்டால் எழுத்துகளின் மூலைகளில் தங்கிய திரவம் சில மாதங்களில் பழுப்புத் திட்டுகளாக வெளிப்படும். புழங்கித் தேய்ந்த நாணயத்துக்கு டிப் அறவே பொருந்தாது. தேய்ந்த வெள்ளியில் திரும்பி வர லஸ்டர் ஏதும் இல்லை, வருவது இயல்புக்கு மாறான வெண்மை மட்டுமே. தயோயூரியா புற்றுநோய் விளைவிக்கலாம் என ஐரோப்பிய வகைப்பாட்டில் சந்தேகிக்கப்படும் பொருள் என்பதால் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம் வேண்டும்.

அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெள்ளியை இழக்காமல் கருமையை நீக்கும் என்கிறார்களே?

வேதியியல்படி அது பாதி உண்மை. சோடா கரைந்த வெந்நீரில் அலுமினியமும் கறுத்த வெள்ளியும் தொட்டுக்கொண்டிருக்கும்போது, சல்பைடிலுள்ள வெள்ளி மீண்டும் உலோகமாக ஒடுக்கப்படுகிறது. கந்தகம் வெள்ளியை விட்டு நீங்குவதால் அழுகல் நாற்றத்தையும் உணரலாம். ஆனால் அந்த வெள்ளி தான் புறப்பட்ட இடத்துக்குத் துல்லியமாகத் திரும்புவதில்லை. நுண்துளைகள் கொண்ட, பிடிப்புக் குறைந்த அடுக்காக மேலே படிகிறது. அதனால் பரப்பு மங்கலாகத் தெரிகிறது, நுண்துளைகள் காரணமாக விரைவில் மறுபடி கறுக்கவும் செய்கிறது. கரண்டிக்கும் தட்டுக்கும் இது நல்ல முறை. நாணயத்துக்கு அல்ல.

பற்பசை, மெருகுப் பசை, வெள்ளித் துணி?

கூடாது. மூன்றிலும் உராய்வுத் துகள்கள் உள்ளன. அவற்றின் வேலையே மேற்பரப்பைச் சீவுவதுதான்.

மண்ணிலிருந்து எடுத்த நாணயங்களுக்கும் இதே விதிகளா?

அவற்றின் நிலை வேறு. நெடுங்காலம் மண்ணில் கிடந்த வெள்ளியின் மேல், மண்ணிலுள்ள குளோரைடுகளால் வெள்ளி குளோரைடு உருவாகிறது. கொம்பு வெள்ளி என்று இதைக் குறிப்பிடுவது உண்டு. ஊதாச் சாயலுள்ள சாம்பல் நிறத்தில், நகத்தால் அழுத்தினால் தடம் பதியும் அளவுக்கு மென்மையாக இருக்கும். கலவையிலுள்ள செம்பு வெளியேறிப் பச்சைக் களிம்பாகவும் படியும். அதாவது, வெள்ளி நாணயத்தின் மேலுள்ள பச்சையெல்லாம் பி.வி.சி. அல்ல: களிம்பு உலர்ந்து பொரிப்பொரியாக இருக்கும், பி.வி.சி. பிசுக்கு ஒட்டும், வழவழக்கும், அசிட்டோனில் கரையும்.

மிகப் பழைய வெள்ளி நாணயங்களில் வெளியே தெரியாத ஆபத்தும் உண்டு. நூற்றாண்டுகள் கடக்கும்போது உலோகப் படிகங்களின் எல்லைகள் வழியே அரிப்பு உள்ளே இறங்கி, நாணயம் பார்வைக்கு முழுமையாக இருந்தும் பிஸ்கட்டைப் போல நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கலாம். அத்தகைய நாணயத்தை மீயொலிக் கருவியில் போட்டாலோ கீழே தவறவிட்டாலோ துண்டுகளாகிவிடும். வெள்ளி குளோரைடை அம்மோனியாவும் சோடியம் தயோசல்பேட்டும் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அம்மோனியா செம்பையும் தாக்கும், வெள்ளி கரைந்த அம்மோனியாக் கரைசலை அப்படியே வைத்திருந்தால் வெடிக்கக்கூடிய சேர்மம் உருவாகலாம். இந்தப் பணியைப் பழம்பொருள்களைப் பாதுகாக்கப் பயிற்சி பெற்ற பேணுநரிடம் விடுவதே முறை. வீட்டில் செய்யக்கூடியது காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அவ்வப்போது மாற்றுவது மட்டுமே. புதையலாகக் கிடைத்தவை என்றால் படிவும் மண்ணும்கூட ஆய்வுக்குரிய சான்றுகள். கழுவுவதற்கு முன் உரிய துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஒரு நாணயம் முன்பு மெருகேற்றப்பட்டதா என்பதை எப்படிப் பார்ப்பது?

முதலில் விளக்கைச் சரிசெய்யுங்கள். பரவலான குழல்விளக்கு ஒளியில் எந்தக் கீறலும் மறைந்துவிடும். இருட்டான அறையில், ஒரு புள்ளியிலிருந்து ஒளி வரும் ஒற்றை விளக்கின் கீழ், நாணயத்தை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்தபடியே முழுச் சுற்றுச் சுழற்ற வேண்டும். முதலில் வெறுங்கண்ணால், பிறகு ஐந்து முதல் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் பாருங்கள். வெறுங்கண்ணால் பார்க்கும் அந்த முதல் பார்வையைத் தவிர்க்காதீர்கள். ஒளி எப்படி நகர்கிறது என்பது லென்ஸில் தெரியாது.

சாய்க்கும்போது ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் திடீரென ஒளிர்ந்து மறையும் மயிரிழைக் கீறல்கள் துடைத்ததன் முதல் அறிகுறி. அவை பெரும்பாலும் ஒரே திசையில் கற்றையாக ஓடும், அல்லது விரல் வைத்து வட்டமாகத் தேய்த்த தடத்தில் வளையும். புழக்கத்தில் விழுந்த கீறல்களோ வெவ்வேறு நீளத்திலும் ஆழத்திலும் எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடக்கும்.

அடுத்து நிறப் பங்கீட்டைக் கவனியுங்கள். இயல்பாகப் புழங்கிய நாணயத்தில் முகத்தின் கன்னம், முடி போன்ற மேடுகள் வெளிறியும், தளம் (உருவமும் எழுத்தும் இல்லாத சமப்பரப்பு) சற்று அடர்ந்தும், எழுத்துகளின் அடிப்பகுதி மேலும் அடர்ந்தும், படிப்படியாக மாறிச் செல்லும். மெருகேற்றியதில் அந்தப் படிப்படியான மாற்றம் இராது. திறந்த தளம் முழுதும் வெள்ளையாகப் பளிச்சிட, துணி எட்டாத எழுத்து இடுக்குகளில் மட்டும் கறுப்பு கோடிட்டது போல நிற்கும். சில சமயம் அந்த இடுக்கிலேயே வெண்மையான பசைத்தூளோ, நகைத்தொழிலில் பயன்படும் செங்காவித் தூளோ உலர்ந்து கிடக்கும். அதைக் கண்டால் வேறு சான்று தேவையில்லை.

மூன்றாவதாக, தேய்மானமும் பளபளப்பும் பொருந்துகின்றனவா என்று கேளுங்கள். முடியின் இழைகள் மழுங்கிப்போன நாணயம் புதியதைப் போல மின்னக் கூடாது. புதியவர்கள் தவறவிடும் அறிகுறி இதுதான். அனுபவமுள்ளவர்கள் லென்ஸை எடுக்கும் முன்பே கண்டுகொள்வதும் இதைத்தான். எழுத்துகளின் ஓரங்கள் கூர்மை இழந்து, தளத்துக்குள் உருகி இறங்கியது போலத் தெரிவது கடுமையான மெருகின் அடையாளம். விளிம்பையும் விட்டுவிடாதீர்கள்: முன்பு நகையில் பதித்திருந்த நாணயத்தில் பற்றவைத்த இடம் நிறம் மாறியோ, அரத்தால் சீர்செய்யப்பட்டோ இருக்கும். அத்தகையவை அநேகமாக மெருகும் ஏற்றப்பட்டவையே.

கோடுகள் எல்லாமே சுத்தம் செய்ததால் வந்தவையா?

இல்லை. குற்றமற்ற நாணயத்தைச் சந்தேகப்படுவதும் இங்கேதான் நேர்கிறது. நாணயச்சாலையில் அச்சையே அவ்வப்போது தேய்த்துச் சீராக்குவார்கள். அப்போது அச்சில் விழும் கீறல் பள்ளம். அது நாணயத்தில் மேடாகப் பதியும். அச்சில் தளப்பகுதி உயர்ந்தும் உருவப்பகுதி குழிந்தும் இருப்பதால், தேய்ப்புக் கருவி தளத்தை மட்டுமே தொடும். ஆகவே அச்சு மெருகுக் கோடுகள் நாணயத்தின் தளத்தில் ஓடி, எழுத்தின் அல்லது உருவத்தின் ஓரத்தில் சட்டென நின்றுவிடும். துணியால் விழுந்த கீறலோ பள்ளமாக இருக்கும், உருவத்தின் மேலும் ஏறிக் கடந்து செல்லும்.

மேடா பள்ளமா என்பதில் ஐயம் வந்தால், நாணயத்திலுள்ள ஓர் எழுத்தை அளவுகோலாகக் கொள்ளலாம். எழுத்து மேடு என்பது உறுதி. பக்கவாட்டு ஒளியில் எழுத்தின் எந்தப் பக்கம் ஒளிர்கிறதோ, கோட்டிலும் அதே பக்கம் ஒளிர்ந்தால் அது மேடு. எதிர்ப்பக்கம் ஒளிர்ந்தால் பள்ளம்.

18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அச்சான சில நாணயங்களில், எடை மிகுந்த தகட்டை அச்சிடும் முன்பே அரத்தால் ராவிய தடங்கள் காணப்படும். அச்சு அழுத்தம் அவற்றைப் பெரும்பாலும் நசுக்கிவிடும். உலோகம் அச்சின் ஆழத்தை முழுமையாக எட்டாத இடங்களில், அதாவது உருவத்தின் உச்சியிலும் விளிம்பிலும் மட்டும் எஞ்சும். மரப்பெட்டி இழுப்பறைகளில் வைத்த பழைய சேகரிப்புகளில் நாணயம் வழுக்கி உரசியதால் மேடுகளில் மட்டும் லேசான தேய்மானம் இருக்கும். அதுவும் மெருகு அல்ல.

சுழல் தூரிகையால் போலி லஸ்டர் உண்டாக்குகிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. சுழலும் கம்பித் தூரிகையால் பரப்பைக் கீறினால், இணையாக நெருங்கிய நுண்கோடுகள் உண்டாகி, தொலைவிலிருந்து லஸ்டர் போல மினுங்கும். சுழற்றிப் பார்த்தால் ஒளிப்பட்டை சீராக நகராமல் ஒரேயடியாகத் தோன்றி மறையும். லென்ஸில் பார்த்தால், தூரிகை தள்ளிக்கொண்டு வந்த உலோகம் எழுத்துகளின் ஒரு பக்க ஓரத்தில் வரப்பாகக் குவிந்திருக்கும்.

வெள்ளி குறைந்த நாணயங்களில் என்ன வேறுபாடு?

பிரிட்டன் 1920இல் தன் வெள்ளி நாணயங்களின் வெள்ளி அளவை 92.5 விழுக்காட்டிலிருந்து 50 ஆகக் குறைத்தது. பிரிட்டிஷ் இந்திய ரூபாயும் 91.7 விழுக்காட்டிலிருந்து 1940இல் 50 ஆனது. இத்தகைய கலவையில் தகட்டைச் சுட்டு அமிலத்தில் இடும்போது மேற்பரப்புச் செம்பு கரைந்து, வெள்ளி செறிந்த மெல்லிய தோல் உருவாகிறது. புதிய நாணயத்தின் வெண்மை அந்தத் தோலுடையது. தேய்த்தால் தோல் கிழிந்து உள்ளிருக்கும் மஞ்சள் அல்லது செம்மைச் சாயல் வெளிப்படும். இயல்பான புழக்கத்தில் அந்தச் சாயல் முதலில் மேடுகளில்தான் தெரியும். காக்கப்பட்ட தளத்திலும் அது பரவியிருந்தால் துணியோ பசையோ பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

மெருகேற்றியதை மறைக்க நிறமேற்றுவார்களா?

ஏற்றுவார்கள்; கந்தகச் சேர்மங்களும் சூடும் போதும். முன்பு சொன்ன நிற வரிசை இங்கே உதவும். இயற்கைப் படலத்தில் மஞ்சளிலிருந்து நீலத்துக்குச் செல்ல இடையில் செவ்வூதா இருந்தே தீரும். இடைநிறம் இன்றி நீலத் திட்டு தனியே மிதந்தால் ஐயப்படுங்கள். கீறலின் உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறம் ஒரே தடிப்பில் இருந்தால், கீறல் படலத்துக்கு முந்தையது. அதனால் மட்டும் நிறம் செயற்கை என்று ஆகிவிடாது. பலகாலம் முன்பு துடைத்த நாணயம் இயல்பாகவே மறுபடி கறுத்திருக்கலாம்.

எடை பார்த்துக் கண்டுபிடிக்கலாமா?

முடியாது. சுமார் 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள நாணயத்தின் இரு பக்கங்களிலும் ஒரு மைக்ரான் தேய்ந்தால் இழப்பு ஏறத்தாழ 0.015 கிராம். 11.66 கிராம் எடையுள்ள ரூபாயில் புழக்கத் தேய்மானமே அதைவிடப் பல மடங்கு இருக்கும்.

தரமிடும் நிறுவனங்கள் இதை எப்படி நடத்துகின்றன?

1986இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987இல் தொடங்கிய என்.ஜி.சி. ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் நாணயத்தின் நிலையை 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் தரமிடுகின்றன. முறையற்றுச் சுத்தம் செய்ததாகக் கருதும் நாணயத்துக்குப் பொதுவாக எண் தராமல், டீட்டெய்ல்ஸ் என்ற குறிப்போடு குறையையும் எழுதிவிடுகின்றன. எல்லைக்கோட்டில் இருக்கும் நாணயங்களில் தேர்ந்த கண்களும் மாறுபடும்.

ஏற்கெனவே மெருகேற்றிய நாணயம் கையில் இருந்தால்?

அசிட்டோனில் இட்டுப் பசையின் மிச்சத்தை நீக்கலாம். அதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள். பல ஆண்டுகளில் படலம் மெல்லத் திரும்பி, கூசும் வெண்மையைத் தணிக்கும். அரிய வகையாக இருந்தால் மெருகேற்றிய நாணயமும் வைத்திருக்கத் தக்கதே. பிறருக்குக் கொடுக்கும்போது நிலையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

எதில் வைப்பது?

பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் உறைகளிலும், கடினமான அக்ரிலிக் பெட்டிகளிலும் வைக்கலாம். வளைந்து கொடுக்கும், பிளாஸ்டிக் மணம் வீசும் மென்மையான உறைகள் பெரும்பாலும் பி.வி.சி.யாக இருக்கும், அவற்றைத் தவிர்க்க வேண்டும். ரப்பர் பட்டை, கம்பளித் துணி, செய்தித்தாள் ஆகியவை கந்தகத்தைக் கொண்டுவரக்கூடும் என்பதால் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. ஈரத்தை உறிஞ்சச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, அவை நிறைந்ததும் மாற்றுங்கள். நாணயத்தை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். பரப்பில் பதிந்த விரல்தடத்தின் உப்பும் எண்ணெயும் காலப்போக்கில் உலோகத்தை அரித்துவிட்டால், அதை எடுக்க அசிட்டோனாலும் முடியாது.